பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும்போது பலவகைப் புத்தகங்கள் படிப்பது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலடிப்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் "பொண்ணு அமெரிக்காவுல, பையன் சிங்கப்பூர்ல" என்று சொல்லும் வீடுகள் இப்போது சாதாரணம். பிரசவம் பார்க்க, பேரப்பிள்ளையைத் தூக்க, சும்மா கண்ணால் பார்த்துவிட்டு வர என்று ஏதோ ஒரு காரணத்துக்குப் பெட்டி கட்டுகிறோம். அங்கே கடை கண்ணி அலைச்சல் இருக்காது, சொந்தக்காரர் தொல்லை இருக்காது, ஆற அமரப் படிக்கலாம் என்று தடியான நாவல் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே செருகியும் கொள்கிறோம். பெரும்பாலும் அந்த நாவல் நாற்பதாம் பக்கத்தில் போர்டிங் பாஸ் வைத்தபடியே திரும்பி வருகிறது.

சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. மகள் வீட்டில் நமக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். குழந்தை தூங்கும் முக்கால் மணி, குக்கர் விசில் வரும்வரை பத்து நிமிடம், மருமகன் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பதால் வீடே வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரம். இவ்வளவையும் ஒரே புத்தகத்தால் நிரப்ப முடியாது. துண்டுக்கு ஏற்ற மாதிரி நாலைந்து வகைப் புத்தகங்களை ஒரே சமயத்தில் ஓட்டினால் முடியும். அதற்கான ஏற்பாட்டைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

1. முதலில் அந்த வீட்டின் நேரத்தைக் கேளுங்கள்

புத்தகப் பட்டியல் போடுவதற்கு முன் மகளுக்கோ மகனுக்கோ போன் போட்டு ஒரு சாதாரண நாள் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். குழந்தை எத்தனை மணிக்கு எழும், பள்ளி எத்தனை மணிக்கு விடும், நமக்குத் தனி அறை உண்டா, இரவு விளக்கு போட்டால் யாருக்காவது தூக்கம் கெடுமா. இந்த நாலு கேள்விக்குப் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் காலம். அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போகும் பெற்றோருக்குப் பொதுவாக ஆறு மாதம் முத்திரை குத்துவார்கள். பிரிட்டன் விசாவிலும் ஒரு முறை போனால் ஆறு மாதம்தான். கனடாவில் பெற்றோருக்கென்றே இருக்கும் சூப்பர் விசாவில் 2022 முதல் ஒரே நுழைவில் ஐந்து வருடம்வரை தங்கலாம். துபாய் என்றால் 30 அல்லது 60 நாள். எந்தப் பருவம் என்பதும் முக்கியம். டிசம்பரில் டொரன்டோவில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், வெளியே கால் வைக்க முடியாது, படிக்க நிறையத் தேவைப்படும். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். பார்க், ஏரி என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கணக்கில் புத்தகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

2. எந்த எந்த வகை?

என் கணக்கில் முதல் இடம் சிறுகதைத் தொகுப்புக்கு. குழந்தை தூங்கும் நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும். நடுவில் எழுந்து அழுதாலும் எந்த அத்தியாயத்தில் விட்டோம் என்று தேட வேண்டாம். ஒரே ஆசிரியரின் தொகுப்பைவிடப் பலர் எழுதியதைத் தொகுத்த புத்தகம் இன்னும் தோது. ஒருவர் பிடிக்காவிட்டால் அடுத்தவர்.

நீள நாவல் ஒன்று இருக்கட்டும், ஒன்றே ஒன்று. அது விமானத்துக்கும் தூக்கம் வராத முதல் வார இரவுகளுக்கும். மற்ற நாட்களில் அதைத் தொடாமல் கிடந்தாலும் கவலைப்படாதீர்கள்.

மூன்றாவது, போகும் ஊரைப் பற்றிய புத்தகம். பயணக் கட்டுரை, ஊர் வரலாறு, அங்கே போய்ச் சேர்ந்த தமிழர்களின் கதை, எதுவானாலும் சரி. இதைப் பலர் புறப்படும் முன்பே படித்துவிடுவார்கள். எனக்கென்னவோ போய் ஒரு வாரம் கழித்துப் படிப்பதுதான் பிடிக்கும். பார்த்த தெருவின் பெயர் பக்கத்தில் வரும்போது மனசில் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, நம் ஊரைப் பற்றிய புத்தகம். வெளிநாடு போய் எதற்கு ராயபுரத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஊரில் இருக்கும்போது படிக்க மாட்டோம், அதனால்தான். தினமும் தாண்டிப் போகும் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பு ஏன் இருக்கிறது, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டி எங்கிருந்து வந்தது, எல்லாமே புலம்பெயர்ந்த கதைதான். மகன் ஏன் இன்னொரு நாட்டில் வேர் பிடிக்கிறான் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் படித்தால் வேறு மாதிரி புரியும்.

கவிதையோ பழைய இலக்கியமோ ஒன்று. நாளுக்கு ஒரு பாட்டு போதும், அடுப்படிப் பத்து நிமிடத்துக்கு அதுதான் சரி. கடைசியாகக் குழந்தைகள் புத்தகம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சுயமுன்னேற்றப் புத்தகங்களை நான் சேர்க்கவில்லை. பேரப்பிள்ளையே போதுமான அளவு முன்னேற்றிவிடும்.

3. புத்தகம் சேர்ப்பது

சென்ட்ரல் பக்கம் ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் அல்லிக்குளம் வளாகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பழைய மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைக்காரர்கள் வந்து சேர்ந்த இடம் இது. இன்றைக்குக் கடைகள் குறைந்துவிட்டன, பாடப் புத்தகமும் போட்டித் தேர்வுக் கைடும்தான் கண்ணில் படும். ஆனாலும் குவியலைக் கிளறினால் பழைய தொகுப்புகள் கிடைக்கும். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகப் பழைய புத்தகம்தான் வசதி. அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் மனசு அடித்துக்கொள்ளாது. பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.

ஜனவரியில் கிளம்புகிறவர்கள் நந்தனம் புத்தகக் காட்சியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பத்து சதவீதம் கழிவு உண்டு. என்ன வாங்குவது என்றே தெரியாவிட்டால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அரை நாள் உட்காருங்கள். 1896இலிருந்து இயங்கும் நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நாலு நூலகங்களில் ஒன்று. பத்துப் பதினைந்து புத்தகங்களை எடுத்து முதல் ஐந்து பக்கம் மட்டும் படித்துப் பாருங்கள். இழுக்கிறதை மட்டும் குறித்துக்கொண்டு வந்து வாங்குங்கள்.

கிளை நூலகத்தில் எடுத்த புத்தகத்தை மட்டும் கப்பலேற்ற வேண்டாம். தவணை இரண்டே வாரம்தான். நம் தெருப்பையன் ஒருவன் அதற்காகக் காத்திருப்பான்.

4. மின்புத்தகக் கருவியைத் தயார் செய்வது

அவசரப்பட்டுச் செய்தால் விமானத்தில் ஏறிய பிறகு விழிக்க வைக்கும் வேலை இது. நிதானமாகச் செய்யுங்கள்.

கருவி எது? ஒரே ஒரு பயணம் என்றால் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பெரிய திரை போனோ வீட்டில் சும்மா கிடக்கும் டேப்போ போதும். அடிக்கடி போய் வருகிறவர்கள், இரவில் படிக்கிறவர்கள், கண் உறுத்தல் உள்ளவர்கள் அமேசானின் கிண்டில் மாதிரியான மின்மைக் கருவி (திரை அச்சுத் தாள் போலவே தெரியும், கண்ணைக் கூசாது) வாங்கலாம். எடை சுமார் 200 கிராம், ஒரு மெல்லிய நாவலைவிடக் குறைவு. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அறுபதைத் தாண்டியவர்களுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கேட்டால் தெரியும். கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகங்கள் 2016இலிருந்து விற்கின்றன.

காசு கொடுக்காமலும் நிறையக் கிடைக்கும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து நாட்டுடைமை ஆன நாவல்கள்வரை அங்கே உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையத் திட்டம் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம். கையகலத் திரையில் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளிக்கொண்டு யார் படிப்பது? ஈபப் (epub) என்ற மின்புத்தக வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். ஒரே புத்தகம் இரண்டு வடிவிலும் இருந்தால் ஈபப்பையே இறக்குங்கள். கிண்டில் வைத்திருப்பவர்கள் அந்தக் கோப்பை 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பினால் போதும், கருவிக்கு வந்துவிடும். பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை டேப்புக்கு ஒதுக்குங்கள்.

காசு கட்ட வேண்டிய எதையும் சென்னையிலேயே கட்டிவிடுங்கள். வாங்கும்போது ஓடிபி நம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் ரோமிங் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு அந்த ஆறு இலக்கத்துக்குக் காத்திருப்பது வீண். கடைக் கணக்கின் நாட்டையும் மாற்ற வேண்டாம். இந்தியக் கணக்கில் வாங்கிய புத்தகம் வெளிநாட்டிலும் திறக்கும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு சோதனை. கருவியை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து பத்துப் பக்கம் தள்ளிப் பாருங்கள். பட்டியலில் அட்டைப்படம் தெரிந்தாலும் புத்தகம் உள்ளே இறங்கியிருக்காது, இது அடிக்கடி நடப்பது. எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பழைய எழுத்துரு என்று அர்த்தம், வேறு கோப்பு தேடுங்கள்.

5. பெட்டி

தாள் புத்தகம் மூன்று. அதற்கு மேல் வேண்டாம். கைப்பைக்குப் பல விமானங்களில் ஏழு கிலோதான் கணக்கு. பெரிய பெட்டியில் மிளகாய்த்தூளும் வடகமும் கருவாடும் இடம் கேட்கும். (கருவாட்டைக் காசிமேட்டிலிருந்து வாங்கிப் போகிறவர்கள் அந்த நாட்டுச் சுங்க விதியை முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.) வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மதம், அரசியல் பற்றிய சர்ச்சைப் புத்தகங்களைக் கொண்டுபோக வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். மூக்குக்கண்ணாடி இரண்டு, இரண்டும் கைப்பையில். கண்ணாடி உடைந்தால் இருநூறு புத்தகம் இருந்தும் பயனில்லை.

6. வீட்டிலிருந்து விமானம்வரை

விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு 2021 பிப்ரவரியிலிருந்து நேராக மெட்ரோ ஓடுகிறது. திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்கள் நீல வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும் இடம் விமான நிலையம்தான், நடுவில் மாற வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நகராமல் நிற்கும் நேரத்தை மிச்சம் பிடித்து ஒரு சிறுகதை முடித்துவிடலாம். நடுராத்திரி, அதிகாலை விமானங்களுக்கு மட்டும் மெட்ரோ கைகொடுக்காது. கால் டாக்ஸிதான். அதில் படித்தால் தலை சுற்றும்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார வேண்டும். கேட் எண்ணை அறிவிக்கிறார்களா என்று காது ஒரு பக்கம் இருக்கும்போது கனமான எதுவும் ஏறாது, வார இதழோ துணுக்குகளோ போதும். விமானத்துக்குள் முதல் சாப்பாடு வந்து தட்டை எடுத்துப்போன பிறகு நாவலைத் திறங்கள். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், நூறு பக்கம் தாண்டினால் நல்லது. லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். முதல் பாதியில் தூங்கிப் பின்பாதியில் படிப்பது நல்லது. உள்ளே காற்று காய்ந்து கிடக்கும், கண் எரியும். மருத்துவர் சொன்ன கண் சொட்டு மருந்து இருந்தால் கையோடு வைத்திருங்கள்.

7. தூக்கம் வராத முதல் வாரம்

நியூஜெர்சி நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு இரண்டு மணிக்கு நம் உடம்புக்குப் பகல் பன்னிரண்டு. கொட்டக் கொட்ட விழித்திருப்போம். இந்த நேரத்தில் போனை எடுத்தால் சொந்தக்காரர்களின் குட்மார்னிங் படங்கள் வரிசை கட்டி நிற்கும், அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. மின்மைக் கருவியின் விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டோ, படுக்கையோர விளக்கில் தாள் புத்தகமோ படியுங்கள். துப்பறியும் நாவல் கூடவே கூடாது, கொலைகாரன் யாரென்று தெரியாமல் படுக்க மாட்டோம். பயணக் கட்டுரையோ மெதுவாகப் போகும் பழைய நாவலோ எடுங்கள். அரை மணியில் கண் சொக்கும். உடம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வீதம்தான் சரியாகும். அவசரப்பட வேண்டாம்.

8. அந்த ஊர் நூலகம்

இதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். கோயிலுக்குக் கூட்டிப்போ, மாலுக்குக் கூட்டிப்போ என்று கேட்போம், நூலகத்துக்குக் கூட்டிப்போ என்று கேட்கத் தோன்றாது. போன முதல் சனிக்கிழமையே கேட்டுவிடுங்கள். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கார்டு தேவையில்லை. வெளியே எடுத்துவரத்தான் கார்டு. நம் பெயரில் கேட்டால் முகவரிச் சான்று கேட்பார்கள், அதனால் மகள் கார்டிலேயே எடுப்பது சுலபம்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, குடியிருப்புப் பேட்டைகளின் நூலகங்களில் தமிழுக்கென்று அலமாரி உண்டு. டொரன்டோவில் ஸ்கார்பரோ பக்கத்துக் கிளைகளிலும் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாறும். இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்று மேசையில் கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும். வளைகுடாவில் நூலகத்தில் தமிழை எதிர்பார்க்காதீர்கள். நவம்பரில் அங்கே இருந்தால் ஷார்ஜா புத்தகக் காட்சிக்குப் போய் வரலாம்.

தமிழ் அலமாரி முன் நின்றதும் சென்னையில் கிடைக்கிற புத்தகத்தையே எடுக்காதீர்கள். அந்த ஊர்த் தமிழர் எழுதியதைத் தேடுங்கள். மலேசியாவின் ரப்பர் தோட்டக் கதைகள், சிங்கப்பூர்க் கவிதைகள், ஈழத்தவர் கனடாவிலும் லண்டனிலும் உட்கார்ந்து எழுதிய நாவல்கள். சிங்கப்பூரில் 1935இலிருந்து 'தமிழ் முரசு' வருகிறது. காலையில் அதை ஒரு புரட்டு புரட்டினால் ஊர் பிடிபடும். ஈழத்து நடை முதலில் கொஞ்சம் தடுமாற வைக்கும். இருபது பக்கம் தாண்டுங்கள், காது பழகிவிடும். புரியாத சொல்லைப் பார்க்கில் சந்திக்கும் யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கேளுங்கள். "அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்கும் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது.

9. பேரப்பிள்ளைக்கு வாசிப்பது

அங்கே வளரும் பிள்ளைகள் நாம் பேசினால் புரிந்துகொள்வார்கள், பதில் ஆங்கிலத்தில் வரும். எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் இரண்டாவது வரியில் எழுந்து ஓடிவிடுவார்கள். "முயல் வேகமாக ஓடியது" என்று அச்சில் இருந்தால் வாயில் "முயல் விருட்னு ஓடிச்சு" என்று வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து அதே வரியை அச்சில் இருக்கிறபடியும் வாசியுங்கள், மெல்லப் பழகும்.

படம் பெரிதாக, எழுத்து குறைவாக இருக்கும் புத்தகங்களையே வாங்குங்கள். நம் சென்னையின் தூலிகா, ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் போட்ட புத்தகங்கள் வெளியிடுகிறது. அப்பாவோ அம்மாவோ வேற்றுமொழிக்காரர் என்றால் இதுதான் சரி. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், டேப்பில் இறக்கிக்கொள்ளலாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் வாசியுங்கள், அப்படித்தான் சொல் ஒட்டும்.

ஊர்ப் புத்தகம் இங்கே கைகொடுக்கும். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்ட கதையை என் பேரனுக்குச் சொன்னேன். குண்டு எவ்வளவு பெரிசு, தொட்டி எத்தனை நேரம் எரிந்தது என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "ஆயா, அப்ப நீ எங்க ஒளிஞ்சிருந்த?" என்றான். என் அம்மாவே அப்போது பிறக்கவில்லை என்றதும் அவனுக்குப் பெரிய ஏமாற்றம். மறுநாள் கட்டிலுக்கு அடியில் துறைமுகம் கட்டிவிட்டான்.

திரும்பி வந்த பிறகும் தொடரலாம். ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அங்கே விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் ஞாயிறு காலை நமக்கு ஞாயிறு மாலை, வீடியோ அழைப்பில் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கத் தோதான நேரம்.

10. ஒரு நாளை எப்படி ஓட்டுவது

புத்தகங்களை ஒரே இடத்தில் அடுக்காதீர்கள். கவிதை அடுப்படி அலமாரியில், சிறுகதை சோபாவில், ஊர் வரலாறு சாப்பாட்டு மேசையில், நாவல் தலைமாட்டில். எந்த இடத்தில் நேரம் கிடைக்கிறதோ அங்கே இருப்பதை எடுங்கள். குழப்பம் வருமே என்பார்கள். ஒரே நேரத்தில் நாலு சீரியல் பார்த்துக் கதை மறக்காத நமக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. வகை வேறாக இருந்தால் கலக்காது. இரண்டு குடும்ப நாவல்களை ஒன்றாகத் தொடங்கினால்தான் யார் மருமகள் யார் வீட்டுக்குப் போனாள் என்று சிக்கலாகும்.

ஐம்பது பக்கம் போயும் பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நேரத்துக்கு ஒலிப்புத்தகம் வைத்துக்கொள்ளலாம். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள், அமெரிக்கா, கனடா, துபாய் மாதிரி இடங்களில் வண்டிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

மருமகனோ மருமகளோ வேலை முடித்து வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவது நல்ல பழக்கம். அவர்கள் நம்மிடம் பேசக் கிடைக்கும் நேரமே அவ்வளவுதான்.

11. திரும்பும்போது

கொண்டுபோன மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு, அங்கே மட்டும் கிடைக்கும் புத்தகங்களை அந்த எடைக்கு வாங்கி வாருங்கள். விடுவதை யாழ்ப்பாணத்து அம்மாவுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ கொடுக்கலாம். வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளில் குழந்தைப் புத்தகங்களுக்கு எப்போதும் தேவை இருக்கும்.

மகள் கார்டில் எடுத்ததை எல்லாம் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிகாகோ 2019இலும் டொரன்டோ 2022இலும் தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டன. ஆனால் புத்தகமே தொலைந்தால் விலையைக் கட்டித்தான் ஆக வேண்டும், அது மகள் கணக்கில் ஏறும். எடுத்த நாளே ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தால் சரிபார்ப்பது சுலபம். சோபா மெத்தைக்கு அடியில், கார் பின்சீட்டில், குழந்தையின் பொம்மைப் பெட்டியில் தேடுங்கள். மெல்லிய படப் புத்தகங்கள் அங்கேதான் போய் ஒளிந்திருக்கும்.